கேட்ட கேள்விக்குப் பதில்

கைடு வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது கிராமரைப் பற்றித்தான். "டென்ஸ் எல்லாம் கரெக்டா வரணுமாண்ணா?" வந்தால் நல்லது. ஆனால் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் வாய் அடைத்துப் போகிறவர்களில் பலர் டென்ஸ் நன்றாகவே தெரிந்தவர்கள். செங்கல்பட்டிலோ திருக்கழுக்குன்றத்திலோ பள்ளிப் படிப்பு, அப்புறம் ஒரு டிகிரி, இங்கிலீஷ் பேப்பரில் நல்ல மார்க். லீவ் லெட்டர் எழுதச் சொன்னால் தப்பில்லாமல் எழுதுவார்கள். எதிரே நிற்கும் ஆள் சிற்பத்தைக் காட்டி "அந்தப் பூனை ஏன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது?" என்று இங்கிலீஷில் கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடும். இத்தனை வருடம் படித்த மொழியில் யாரும் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்காகக் காத்து நின்றதே இல்லை.

நான் மாமல்லபுரத்தில் கைடு. வெளிநாட்டார் வரத்து குறையும் வெயில் மாதங்களில் சாயங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசப் பழக்குகிறேன். சிற்பப் பட்டறைப் பையன்கள், ஒத்தவாடைத் தெரு ஓட்டல்களில் வேலை பார்ப்பவர்கள், செங்கல்பட்டிலிருந்து ரயிலேறிக் கம்பெனிக்குப் போகும் பெண்கள் என்று கலந்துதான் வருவார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாறைக்கு முன்னால் நின்று தெரிந்துகொண்டது. அதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மூத்த கைடு. இங்கிலீஷில் ஒரு வரி வாசிக்கத் தெரியாது. முழுக்க முழுக்கக் காதால் கற்றவர். "முதல்ல பாடத்த வாய்ல போடு. அப்புறம் அவன் கேக்கறத காதுல போடு" என்பார். பாடம் என்றால் எங்களுக்குள் அந்த அரைமணி நேரப் பேச்சு. பல்லவர், ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், ஒரே கல்லில் குடைந்த ஐந்து ரதம், ராஜசிம்மன் கட்டிய கடற்கரைக் கோயில், கடலுக்குள் போன மற்ற ஆறு கோயில்கள். அவருக்கு அதை அவருடைய பெரியவர் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெரியவருக்கு இன்னொருவர்.

அந்தச் சங்கிலி எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்று பின்னாளில் தேடிப் பார்த்தேன். வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1772இலும் 1776இலும் இங்கே வந்திருக்கிறார். அவர் எழுதிய கட்டுரை 1788இல் 'ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் அச்சானது. கடலுக்குள் வெகுதூரத்தில் கோயில் உச்சிகள் தெரிந்ததையும், அவற்றின் மேல் வேய்ந்த செம்பு காலை வெயிலில் மின்னியதையும் ஊர்ப் பெரியவர்கள் நினைவு வைத்துச் சொன்னதாக அதில் இருக்கிறது. பத்து வருடம் கழித்து கோல்டிங்ஹாம் என்ற இன்னொருவர் எழுதினார். 1869இல் கேப்டன் கார் என்பவர் இப்படிப்பட்ட பழைய கட்டுரைகளை எல்லாம் திரட்டி ஒரே புத்தகமாகப் போட்டார். எழுதிய துரைகளின் பெயர் எல்லாம் இருக்கிறது. கேட்டதற்குப் பதில் சொன்ன எங்கள் ஊர்க்காரர்களின் பெயர் இல்லை. எந்தக் கேள்விக்கு எந்த மொழியில் என்ன சிரமப்பட்டுப் பதில் சொன்னார்களோ, அவர்களைத்தான் நான் என் தொழிலின் முன்னோர் என்று நினைக்கிறேன்.

மனப்பாடத்தைக் குறைத்துப் பேசுகிறவர்கள் நிறைய. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பாடம் வாயில் இருந்தால் முதல் பத்து நிமிடம் பயமில்லை. மூச்சு சீராகும், எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்க நேரம் கிடைக்கும். அதைவிட முக்கியம், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதில்தான் நாக்கு இளகுகிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன் என்ற மொழி ஆசிரியர் 1989இல் எழுதிய ஒரு கட்டுரை இதைப் பற்றித்தான். படிப்பவர் ஒரு விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்ல வேண்டும். அதையே இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில். மூன்றாமவரிடம் இரண்டு நிமிடத்தில். ஆள் மாற மாற, நேரம் குறையக் குறைய, தயக்கம் போய் வாக்கியம் கெட்டிப்படுகிறது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. காலையில் ஒரு ஜெர்மன் குரூப்புக்கு ஒரு மணி நேரம், பதினோரு மணிக்குக் குழந்தைகளோடு வந்த குடும்பத்துக்கு அரைமணி, மதியம் பஸ்ஸுக்கு அவசரப்படும் ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று அதே பாறையை, அதே கதையைச் சொல்கிறவன் கைடு. இந்தப் பயிற்சியைச் சம்பளத்தோடு செய்கிற தொழில் இது.

கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கு இதை ரயிலில் செய்யச் சொன்னேன். செங்கல்பட்டில் வண்டி கிளம்பியதும் ஒருத்தி ஆரம்பிக்க வேண்டும். முந்தின நாள் வேலையில் நடந்த ஒரு விஷயம் போதும். முதல் நாள் மறைமலை நகர் வரும்வரை நேரம். மறுநாள் அதே விஷயத்தை இன்னொருத்தியிடம் சிங்கப்பெருமாள் கோயிலுக்குள் முடிக்க வேண்டும். மூன்றாம் நாள் பரனூரிலேயே முடிந்துவிட வேண்டும். பெட்டியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று முதலில் கூச்சப்பட்டார்கள். காலை நேர மின்சார ரயிலில் யாருக்கும் யாரையும் திரும்பிப் பார்க்க இடமில்லை என்பதைப் போகப் போகக் கண்டுகொண்டார்கள்.

ஆனால் பாடம் மட்டும் போதாது. பாடத்தை ஒப்பித்துவிட்டு "எனி கொஸ்டின்?" என்று கேட்டு, உடனே அடுத்த சிற்பத்துக்கு நடந்துவிடுகிற கைடுகளை நான் பார்த்திருக்கிறேன். கேள்வி வந்துவிடுமோ என்ற பயம் அந்த நடையிலேயே தெரியும். அவர்கள் வருடக்கணக்கில் அதே இங்கிலீஷிலேயே நின்றுவிடுகிறார்கள். பாடம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் கேள்விகள் மட்டும் ஒவ்வொரு சீசனுக்கும் புதிதாக வருகின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்தவர்கள் பல்லவர்களைப் பற்றிக் கேட்கவில்லை. கடல் எவ்வளவு தூரம் உள்வாங்கியது, அப்போது நீ எங்கே இருந்தாய், உன் வீட்டில் யாருக்காவது என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அதற்குப் பாடத்தில் ஒரு சொல்லும் இல்லை. தண்ணீர் பின்வாங்கியதை, பாறைகள் வெளியே தெரிந்ததை, மீனவர் குப்பத்தில் படகுகள் கிடந்த நிலையை எல்லாம் நாங்கள் அவரவர் வாயால் முதல்முறையாக இங்கிலீஷில் சொல்லக் கற்றோம். எங்களில் பலருடைய இங்கிலீஷ் அந்த ஒரு வருடத்தில் வளர்ந்தது. துக்கத்தைச் சொல்ல வேண்டியிருந்ததால் வளர்ந்தது.

2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே சந்தித்தபோது கேள்வி மறுபடி மாறியது. இருவரும் எங்கே நின்றார்கள், பல்லவர்களுக்கும் சீனாவுக்கும் என்ன தொடர்பு? காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங்கைப் பற்றிப் படித்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. 2022இல் இங்கே பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வந்தவர்கள் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் வந்தார்கள். மங்கோலியர், உஸ்பெக்கியர், ஆப்பிரிக்க நாட்டுக்காரர்கள். அவர்களுக்கும் இங்கிலீஷ் கற்ற மொழிதான், எனக்கும் கற்ற மொழிதான். அதனால் இருவருமே மெதுவாக, குட்டி வாக்கியங்களில் பேசினோம். நன்றாகவே புரிந்தது.

இதை நான் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்கிறேன். லண்டன்காரர் மாதிரிப் பேச வேண்டும் என்ற ஆசையில் பாதிப் பேர் வாயைத் திறப்பதே இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கணக்குப்படி 2021–22இல் இந்தியாவின் கட்டண நினைவுச்சின்னங்களிலேயே வெளிநாட்டார் அதிகம் வந்தது மாமல்லபுரத்துக்கு. சுமார் 1 லட்சத்து 45 ஆயிரம் பேர். தாஜ்மகாலுக்குக்கூட அந்த வருடம் 40 ஆயிரம் பேர் வரவில்லை. ஆனால் இங்கே வருபவர்களில் பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், கொரியர் என்று வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள் ஏராளம். அவர்கள் காதுக்கு எட்ட வேண்டியது தெளிவு.

எது தெளிவு என்பதில் பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் எழுதிய புத்தகம் எனக்கு ரொம்ப உதவியது. இங்கிலீஷைக் கற்றுப் பேசுகிற இரண்டு பேருக்குள் எந்த ஒலி பிசகினால் பேச்சு புரியாமல் போகிறது, எது பிசகினாலும் பரவாயில்லை என்று அவர் பிரித்துப் பார்த்தார். 'தேங்க்ஸ்' என்பதன் முதல் ஒலியைப் பல்லிடுக்கில் நாக்கை நீட்டிச் சொல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. உயிரொலியின் நீளம், சொல் முதலில் வரும் ப, ட, க ஒலிகளின் காற்று, வாக்கியத்தில் எந்தச் சொல்லை அழுத்துகிறோம் என்பது ஆகிய இவைதான் முக்கியம்.

இது நம் ஊருக்கு அப்படியே பொருந்துகிறது. வராக மண்டபத்தில் நின்று நாம் 'பிக்' என்கிறோம். கேட்பவருக்குப் பன்றியா, பெரியது என்கிறோமா என்று தெரியாது. பன்றி என்றால் உதட்டிலிருந்து காற்று வெடித்து வர வேண்டும். நம் 'ப'வில் அந்தக் காற்று இல்லை. வகுப்பில் டிக்கெட் தாளைக் கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்வேன். 'பல்லவா' என்னும்போது தாள் ஆட வேண்டும். உருண்டைப் பாறையை 'பட்டர் பால்' என்னும்போது ஆடக்கூடாது. தாள் பொய் சொல்லாது. ஒரு வாரத்தில் வித்தியாசம் வந்துவிடும். அதேபோல 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி'. மாவுக்கல் பிள்ளையார் விற்கும் கடைகளில் இந்த இரண்டு சொல்லால் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. பதினைந்துக்குக் கடைசி அசையை நீட்டி அழுத்த வேண்டும், ஐம்பதுக்கு முதல் அசையை. கால்குலேட்டரில் காட்டிவிடுவது கடைக்காரருக்குச் சுலபம். கைடுக்கு வாய்தான் கருவி. யானையை 'யெலிஃபன்ட்' என்று சொல்வதை மட்டும் நான் திருத்துவதில்லை. யாருக்கும் அதனால் யானை தெரியாமல் போனதில்லை.

வாயைவிடக் காது கடினம். கேள்வி பாதி புரிந்து பாதி நழுவும்போது என்ன செய்வது என்பதைத்தான் நான் அதிக நேரம் எடுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். புரியாவிட்டால் நம் பிள்ளைகள் தலையை ஆட்டிச் சிரித்துவிடுவார்கள், அல்லது "வாட்?" என்று வெட்டிவிடுவார்கள். இரண்டிலும் பேச்சு செத்துப்போகும். புரிந்த பாதியை எடுத்துத் திருப்பிக் கேட்க வேண்டும். "யூ ஆர் ஆஸ்கிங் அபவுட் த கிராக்?" பாறை நடுவில் நாகர்கள் இருக்கும் அந்தப் பிளவைத்தான் கேட்கிறீர்களா? வந்தவர் "எஸ், த கிராக்" என்று மறுபடி, இந்த முறை எளிய சொற்களில், கேட்பார். நேரம் கிடைத்தது, கேள்வியும் கிடைத்தது. கடற்கரைக் கோயில் பக்கம் மணிமாலை விற்கும் பெண்கள் இதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்கிறார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்கள் மூன்று நான்கு மொழிகளில் வியாபாரம் நடத்துகிறார்கள். அவர்கள் பேசும்போது வாடிக்கையாளரின் கடைசிச் சொல்லைப் பிடித்து அதிலிருந்தே அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவதைக் கவனியுங்கள். நான் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிற்க வைத்திருக்கிறேன்.

அர்ச்சுனன் தபசுப் பாறையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே ஒற்றைக்காலில் தவம் செய்வது பாசுபதாஸ்திரம் வேண்டி நிற்கும் அர்ச்சுனனா, கங்கையை இறக்கிய பகீரதனா என்று அறிஞர்கள் இன்றுவரை இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். பழைய பாடத்தில் அர்ச்சுனன் மட்டும்தான். பகீரதன் என்று படித்துவிட்டு வந்த ஒருவர் மறுத்துப் பேசினால் கைடுக்கு அவமானமாகிவிடும், குரல் ஏறும். "சம் ஸ்காலர்ஸ் ஸே", "அதர்ஸ் திங்க்", "ஐ பெர்ஸனலி ஃபீல்" என்ற மூன்று தொடக்கங்களைக் கொடுத்துவிட்டால் அதே இடத்தில் ஒரு நல்ல உரையாடல் நடக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று மரியாதையாகச் சொல்லும் இங்கிலீஷை நம் பாடப்புத்தகங்கள் சொல்லித் தருவதில்லை. நிச்சயமாகத் தெரிந்த விடையை மட்டுமே அவை கேட்கின்றன. வேலைக்கான இன்டர்வியூவுக்குப் போகிற பெண்களுக்கும் இது உதவியது என்று அவர்களே வந்து சொன்னார்கள்.

ஒரு சமயம் கண் பார்வையற்ற பெண்மணி ஒருவர் தன் தங்கையோடு வந்தார். சிற்பத்தைத் தொடுவதற்கில்லை. பாறைக்கு முன்னால் நின்றுகொண்டு, "இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்து என்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் சொல்லுங்கள்" என்றார். அத்தனை நாள் நான் கையை நீட்டி "ஹியர்", "தேர்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. விரலால் சுட்ட முடியாதபோது மேலே, கீழே, பின்னால், நடுவில், அதற்குச் சற்று வலப்புறம் என்று ஒவ்வொன்றையும் சொல்லால் சுட்ட வேண்டும். தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதை இங்கிலீஷில் முன்னால் வைக்க வேண்டும், யோசித்துக்கொண்டு வைக்க நேரமும் இல்லை. யானையின் காலடியில் குட்டிகள், யானைக்கு முன்னால் பூனை, பூனையைச் சுற்றி எலிகள் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் குறுக்கிட்டுக் குறுக்கிட்டுக் கேட்டார். எலிகள் பூனையைப் பார்க்கின்றனவா, வேறு பக்கம் பார்க்கின்றனவா? யானையின் தந்தம் பூனைக்கு மேலே இருக்கிறதா, பக்கத்திலா? அன்றைக்கு அந்தச் சிற்பத்தையே நான் முதன்முதலாக முழுசாகப் பார்த்தேன்.

அதிலிருந்துதான் வகுப்பில் ஒரு பயிற்சி வந்தது. இரண்டு பேர் முதுகோடு முதுகு சேர்த்து உட்கார வேண்டும். ஒருவர் கையில் சிற்பத்தின் படம். அவர் சொல்லச் சொல்ல மற்றவர் வரைய வேண்டும், புரியாத இடத்தில் இங்கிலீஷில் கேட்க வேண்டும். மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துச் சிற்பம் இதற்கு அருமையானது. சிங்கத்தின் மேல் துர்க்கை ஒரு பக்கம், எருமைத்தலை அசுரன் மறுபக்கம், நடுவில் கணங்கள். சொல்கிறவர் சரியாகச் சொல்லியும் படம் தப்பாக வந்தால் கேட்டவர் கேள்வி கேட்கவில்லை என்று அர்த்தம். பட்டறைப் பையன்கள்தான் இதில் ராஜா. அளவும் திசையும் அவர்களுக்குக் கையிலேயே இருக்கிறது. இங்கே 1957இலிருந்து அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்து வந்தவர்களிடமும் பட்டறையிலேயே வளர்ந்தவர்களிடமும் நான் கண்டது ஒன்று: அவர்களிடம் சொல் குறைவு, ஆனால் ஒரு சொல்லும் வீணாகப் போவதில்லை. கல்லைப் பற்றிக் கேட்டால் குட்டிக் குட்டி வாக்கியமாக, செய்கிற வரிசையில் சொல்வார்கள். ஃபர்ஸ்ட் வி மார்க். தென் வி கட். பி.ஏ. படித்தவர் அதையே 'வாஸ் பீயிங்' போட்டுச் சுற்றி வளைத்துச் சிக்கிக்கொள்வார்.

போன சீசனில் என் வகுப்பிலிருந்து வந்த ஒரு பெண் முதல்முறையாகத் தனியாக ஒரு பார்ட்டியைக் கூட்டிப் போனாள். வயதான தம்பதி. ஐந்து ரதத்தில் பாடம் முடிந்ததும் அந்த மனிதர், இவை ஏன் பாதியிலேயே நிற்கின்றன என்று கேட்டார். மன்னர் இறந்திருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், உறுதியாகத் தெரியாது என்று சொன்னாள். கல்லுடைத்தவர்களுக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்றார். தெரியாது என்றாள். அதோடு விடாமல், "ஒய் டூ யூ ஆஸ்க், சார்?" என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்டாள். அவர் தன் ஊரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கல்தச்சராம். பாறையில் வரிசையாகத் தெரியும் ஆப்புக்குழிகளைக் காட்டி, அவர்கள் ஊரில் குழிக்குள் இரண்டு இரும்புத் தகடு வைத்து நடுவில் ஆப்பு இறக்கிப் பிளப்பதை விளக்கினாராம். வெயிலில் நின்று அவர் சொல்ல இவள் கேட்க, நேரம் போனது தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அதை வகுப்பில் எல்லோருக்கும் இங்கிலீஷில் சொல்லச் சொன்னேன். நன்றாகச் சொல்லி வந்தாள். தகடு எந்தப் பக்கம், ஆப்பு எப்படி இறங்குகிறது என்ற இடத்தில் தடுமாறினாள். பின்வரிசையில் இருந்த பட்டறைப் பையன் எழுந்தான். "வெயிட். த வெட்ஜ் கோஸ் பிட்வீன், ஆர் பிஹைண்ட்?" என்று கேட்டான். அவள் கொஞ்சம் யோசித்து, "பிட்வீன்" என்றாள். அவன் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைக்கு வந்து, அவள் மேற்கொண்டு சொல்லச் சொல்ல வரைய ஆரம்பித்தான்.